அக்காவுக்காக நான் எழுதிய அழைப்புக் கடிதம்

1

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவ உளவியலாளர். வடக்கு ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரின் பல்கலைக்கழகத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தக் குறிப்பில் ஒரு விசா அலுவலகம் வருகிறது. அங்கே இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் மிச்சமில்லை. என் ஆராய்ச்சி ஆட்டிசம் பற்றியது. ஆனால் நான் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயது வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர்களைப் பார்க்கிறேன். நாலு பேர் மத்தியில் நாலு பேரைப் போலவே நடந்துகொள்ளப் பழகி, அந்தப் பழக்கத்தாலேயே மனம் நைந்துபோனவர்கள் அவர்கள். ஒவ்வொருவரோடும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். பேச்சைப் படம் பிடித்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். எந்த இடத்தில் கண்ணை விலக்குகிறார், எந்த இடத்தில் 'இப்போது சிரிக்க வேண்டும்' என்று நினைவுபடுத்திக்கொண்டு சிரிக்கிறார் என்று குறித்து வைப்பேன்.

அன்று வந்தவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். பேசி முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கதவருகே நின்று கேட்டார்:

"உங்கள் குடும்பத்தில் என்னைப் போல யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை" என்றேன்.

"சரி" என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

நம் சொந்தக் கதையை அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. 'அதை நான் சொல்வதற்கில்லை' என்று சொல்லியிருக்கலாம். விதி அவ்வளவுதான் கேட்கிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை. மற்றவர் சொல்வதை அப்படியே நம்புகிறவர் அவர். அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். பெயர் ரெஜினா. கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் இருக்கிறாள்.

2

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற வரிசையில் கடைசி வீடு. டவுன் பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் அக்கா காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். பஸ்ஸில் ஏறவே மாட்டாள். கொடைக்கானலில் பள்ளிக்கூடம், தைல மரங்களுக்கு நடுவே ஏறும் குறுக்குப் பாதையில் இரண்டு பேரும் நடந்தே போவோம். நான் பத்தடி முன்னால் போவேன். ஒன்றாகப் போகிறோம் என்று என் கூட்டாளிகளுக்குத் தெரியக்கூடாது.

கேட்ட கேள்விக்கு அப்படியே பதில் சொல்லுவாள் அக்கா. அவளுக்கு இருபது வயதிருக்கும்போது அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வழக்கமாகப் பெரியவர்கள் கேட்பதைப் போலக் கேட்டார்:

"என்ன ரெஜினா, கல்யாணச் சாப்பாடு எப்ப?"

"யாரு கல்யாணத்தக் கேக்குறீங்க?" என்றாள் அக்கா. "இந்த மாசம் எங்களுக்கு ஒரு பத்திரிகையும் வரல."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மா பாடம் நடத்த ஆரம்பித்தாள். ஜெபம் முடிந்ததும் அக்காவை எதிரில் உட்கார வைத்துக்கொள்வாள்.

"யாராச்சும் 'எப்படி இருக்க'ன்னு கேட்டா?"

"'நல்லாருக்கேங்க, நீங்க நல்லாருக்கீங்களா.'"

"'சாப்பிட்டியா'ன்னு கேட்டா?"

"'ஆச்சுங்க.'"

"சாப்பிடாம இருந்தா?"

அக்கா யோசிப்பாள். "சாப்பிடலைன்னு சொல்லணும்."

"இல்ல. அப்பயும் 'ஆச்சுங்க'தான்."

"அது பொய்தானம்மா?"

"பொய்தான். சொல்லு."

வருடக்கணக்கில் இது நடந்தது. எங்கே பார்த்துப் பேச வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எத்தனை வார்த்தைக்குப் பிறகு நிறுத்த வேண்டும் எல்லாம் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். அக்கா வெளியே போய்வந்த நாட்களில் வீட்டுக்குள் நுழைந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடப்பாள். நானும் அம்மாவும் அதைச் சோம்பல் என்று நினைத்தோம்.

பிறகு கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் லினன் ரூமில் அவளுக்கு வேலை கிடைத்தது. சலவையாகி வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தேய்த்து, மடித்து, அடுக்கி வைக்கிற வேலை. ஜன்னல் இல்லாத அறை. இஸ்திரிப் பெட்டியின் சூடு எப்போதும் இருக்கும். யாரும் பேச வரமாட்டார்கள். பழைய மேனேஜர் நல்ல மனிதர். "ரெஜினா மடிச்ச பெட்ஷீட்டுல ஸ்கேல் வச்சுப் பாத்தாலும் கோணல் இருக்காது" என்பார். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் அவளைக் கேட்டதில்லை.

3

இங்கே படிக்க வந்த முதல் வருடம், வகுப்பில் ஒரு வீடியோ போட்டார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண். வெள்ளைக்காரி, அக்கா பேசாத மொழி. ஆனால் கேள்வி கேட்டவரின் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு, மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் தோளைத் தளர்த்தினாள் பாருங்கள், அது எங்கள் வீட்டுக் கூடம். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்று மத்தியானமே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அக்காவுக்கு இருக்குறதுக்கு ஒரு பேரு இருக்கும்மா."

"என்ன பேரு?"

சொன்னேன். அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மருந்து இருக்கா?" என்றாள்.

"இதுக்கு மருந்துன்னு இல்ல. இது நோயில்லம்மா. பொறப்புலயே அப்படி."

"அப்ப அந்தப் பேரு எதுக்கு? ஞானஸ்நானத்துலயே ரெஜினான்னு பேரு வச்சாச்சு. நீ வெரசாப் படிச்சு முடிச்சிட்டு வா."

படித்து முடித்தேன், போகவில்லை. வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மீரா பிறந்தாள். என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். நானும் மீராவும்தான்.

மீராவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் தமிழ் நான் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகத் தமிழ். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அக்காவிடம், "பெரியம்மா, நீங்கள் இன்று என்ன செய்தீர்கள்?" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பாள். சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. "மீரா பேசுறது நல்லாப் புரியுது" என்பாள். "அவ என்ன கேக்குறாளோ அதத்தான் கேக்குறா." தாய்மொழியை இழந்துகொண்டிருக்கிற குழந்தையும், எந்த மொழியிலும் மறைபொருள் பிடிபடாத அக்காவும் அரை மணி நேரம் சலிக்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அக்காவோடு அவ்வளவு நேரம் பேசியது அவள் ஒருத்திதான்.

4

அப்பா முன்பே போய்விட்டார். போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போய் ஒன்பது நாள் இருந்தேன்.

அக்கா அழவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அம்மாவின் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் தேய்த்து மடித்து வைத்தாள். மறுநாள் அதையே பிரித்து, மறுபடி துவைத்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "பெத்தவ போயிட்டா, கண்ணு கலங்கல பாரு. கல்லு மாதிரி இருக்கா." இப்படிப்பட்டவர்களின் துக்கம் எந்தெந்த வடிவத்தில் வரும் என்று நான் வகுப்பெடுக்கிறவள். அந்தக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அக்காவைப் பற்றி எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தைதான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அறுபத்தாறு வயது, முழங்கால் வலி. "நீ போயிட்டு வா லில்லி. ரெஜி என் கண்ணு முன்னாடிதான கெடக்கு" என்றார்.

நான் கிளம்பிய மூன்றாவது மாதம் ஹோட்டல் கை மாறியது. புது நிர்வாகம் சலவையை வெளியே மெஷினுக்கு அனுப்பிவிட்டது. லினன் ரூமை ஸ்டோர் ஆக்கினார்கள். பழைய ஆள் என்பதால் அக்காவை வெளியே அனுப்பாமல், காலைச் சாப்பாட்டு ஹாலில் வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி மேசை காட்டும் வேலையில் நிறுத்தினார்கள். நல்லதுதான் நினைத்திருப்பார்கள்.

மே மாத சீசன். ஹாலில் இடமில்லாமல் கூட்டம். வந்தவர்களில் யாரோ ஒரு அம்மாள் போட்டோ எடுக்க அக்காவின் தோளில் கை போட்டு இழுத்திருக்கிறார். அக்கா அலறி, மேசைக்கடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனதாம். நான் போன் செய்தபோது புது மேனேஜர் பவ்வியமாகத்தான் பேசினார்.

"ஆன்ட்டி நல்லவங்க மேடம். ஆனா கெஸ்ட் ரிவியூ போட்டுட்டாங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லியிருக்கோம்."

"எத்தனை நாள்?"

"நாங்களே கூப்பிடுறோம் மேடம்."

அக்கா தினமும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, அவர்கள் கூப்பிடுவதற்காகப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் அப்படி உட்கார்ந்திருந்திருக்கிறாள். பாக்கியம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

5

மூன்று மாதமாவது இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வர விருப்பமா என்று கேட்டேன். "சரி" என்றாள்.

அழைப்புக் கடிதத்தை இந்த நாட்டு மொழியில் நானே எழுதினேன். இருபது வருடமாகப் பேசுகிற மொழி, யாரிடமும் காட்ட வேண்டாம் என்ற திமிர். அம்மா இறந்ததையும், வேலை போனதையும் எழுதி, அக்கா தனியாக இருக்கிறாள் என்று முடித்தேன். 'தனியாக' என்பதற்கு இந்த மொழியில் இரண்டு சொற்கள். ஒன்று, கூட ஆள் இல்லாமல் இருப்பது. இன்னொன்று, உலகத்தில் நாதியற்று இருப்பது. பேச்சில் நான் இப்போதும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுவேன், மீரா திருத்துவாள். கடிதத்தில் இரண்டாவது சொல்லை எழுதியிருந்தேன்.

விசாவுக்காகப் பாக்கியம் அத்தை அக்காவைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸுக்குப் பயந்தவள், காதில் பஞ்சு வைத்து, தலையில் போர்வை சுற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறாள். எனக்காக. கைரேகை எடுக்கும்போது மெஷினில் விழவில்லையாம். இருபத்திரண்டு வருடம் துணி தேய்த்ததில் விரல் ரேகை மழுங்கிவிட்டிருந்தது. நாலாவது தடவையில் விழுந்தது.

மூன்று வாரம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. தமிழ் பேசுகிற ஒரு பெண். அது எப்படிப் போனது என்று அக்காவே எனக்குச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள்.

"அவங்க, 'தங்கச்சி வீட்டுல எவ்வளவு நாள் இருப்பீங்க'ன்னு கேட்டாங்க. மூணு மாசம்னு சொன்னேன். 'மூணு மாசம் முடிஞ்சதும் திரும்பி வந்துருவீங்களா'ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்ன? வந்துருவேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"நடக்கப்போறது எனக்கு எப்படித் தெரியும்? அம்மா வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போச்சு."

போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தப்பாச் சொல்லிட்டேனா லில்லி? இந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்குடுக்கல."

மறுப்புக் கடிதம் வந்தது. குறிப்பிட்ட காலம் முடிந்து சொந்த நாடு திரும்புவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற கட்டத்தில் டிக். மேல்முறையீடு செய்யலாமா என்று ஒரு ஆலோசகரிடம் போனேன். அவர் என் கடிதத்தை வாசித்துவிட்டு, அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்தார்.

"ஊரில் இவருக்கு யாருமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாருமே இல்லாத ஊருக்கு ஏன் திரும்பிப் போவார்?"

மேல்முறையீட்டில் அவளுடைய நிலையை விளக்கலாம், அவள் பதிலை அப்படிப் புரிந்துகொள்ளக் கூடாது என்று வாதிடலாம், ஆனால் அதற்கு ஒரு மருத்துவச் சான்று வேண்டும் என்றார். இப்படிப்பட்ட சான்றுகளில் வருடம் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவள் நான். சொந்த அக்காவுக்குப் போட முடியாது, போட்டாலும் செல்லாது. இங்கே வேறொருவர் போட வேண்டுமென்றால் அக்கா நேரில் வர வேண்டும். நேரில் வர விசா வேண்டும்.

மீரா கேட்டாள், "நீ எல்லோருக்கும் கொடுக்கிறாயே அம்மா, பெரியம்மாவுக்கும் ஒன்று கொடேன்?"

6

அடுத்து நான் செய்ததுதான் இதிலேயே பெரிய தவறு. சான்றை ஊரிலேயே வாங்கிவிடலாம் என்று பாக்கியம் அத்தையிடம் சொன்னேன். திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அக்காவை அழைத்துப்போகச் சொன்னேன். மூன்று பக்கத்துக்கு அக்காவைப் பற்றி எழுதி அனுப்பினேன். அத்தை அதை வேட்டித்துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனார்.

"வெள்ளனே அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பி வத்தலக்குண்டு போயி, அங்கருந்து திண்டுக்கல்லு. அங்க போனா தோட்டத்துல காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு நிக்கிற மாதிரி சனம் வரிசையா நிக்கிது. நாலு மணி நேரம். ரெஜி எம்புட்டு நேரந்தான் தாங்கும்? உள்ள போறப்ப அதுக்கு ஒடம்பு பூராம் ஆடுது. டாக்டரு 'குரல் ஏதும் கேக்குதா'ன்னு கேட்டாரு. இது 'கேக்குது'ன்னுச்சு."

"எந்தக் குரல்னு கேக்கலையா?"

"வெளிய அம்புட்டு சனம் பேசுதே, அந்தக் கொரலச் சொல்லியிருக்கும். டாக்டரு எழுதிட்டாரு. உன் காயிதத்தக் குடுத்தேன். பெறகு பாக்குறேன்னு மேசையில வச்சிட்டாரு."

வேறொரு நோயின் பெயர், மூன்று வகை மாத்திரை. நான் அந்த மருத்துவரிடம் போனில் பேச முயன்றேன், கிடைக்கவில்லை. பாக்கியம் அத்தையிடம் மாத்திரை வேண்டாம் என்றேன். "டாக்டரு குடுத்தத நிறுத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னத்தம்மா பண்ணுவேன்?" என்றார். நியாயம்தான். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நானும் நிறுத்தச் சொல்லிவிட முடியாது.

இரண்டு மாதத்தில் அக்காவுக்கு முகம் ஊதியது, கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மீரா கேட்பதற்கு ரொம்ப நேரம் கழித்து, "ஆமா" என்பாள். எதைக் கேட்டாலும் "ஆமா". மீரா நாலைந்து வாரம் பார்த்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நீச்சல் வகுப்பு வந்துவிட்டது.

தெருவில் எல்லோருக்கும் நிம்மதி. கோயிலில் பார்த்தவர்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள்: "இப்பத்தான் ரெஜி மனுசியா இருக்கு. சிரிச்சா சிரிக்கிது, தலையாட்டுது." வருடக்கணக்கில் அம்மா பாடம் நடத்தியும் வராத நல்ல பெயர் அவளுக்கு மாத்திரையில் வந்தது.

7

இரண்டு மாதத்துக்கு முன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கணவர் கரையில் இருந்த நேரம். மீராவை அவரிடம் விட்டேன். பதினைந்து நாள்.

படியிறங்கி வந்து கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். "எப்படிக்கா இருக்க?" என்றேன்.

"நல்லாருக்கேங்க. நீங்க நல்லாருக்கீங்களா?" என்றாள்.

அவளைத் தொட்டால் பிடிக்காது என்று பெட்டிகளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் நானே அவளோடு திண்டுக்கல் போனேன். அந்த மருத்துவரைப் பற்றி நான் மனதில் வளர்த்து வைத்திருந்த கோபம் அவர் அறையில் நிற்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, பாதி குடித்த டீ ஆறிக்கிடக்க உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் மேடம். எனக்கும் இப்பப் பாத்தா அப்படித்தான் தோணுது. அங்க நீங்க ஒருத்தரோட ரெண்டு மணி நேரம் பேசுவீங்க. எனக்கு வெளியே எம்பது பேரு. அன்னைக்கு எனக்கு நாலு நிமிசம் இருந்துச்சு."

"மாத்திரையக் கொறைக்கலாமா சார்?"

"கொறைக்கலாம். ஆனா மெதுவாத்தான் கொறைக்கணும், மூணு நாலு மாசம் ஆகும். நடுவுல பதட்டம் வரும், தூக்கம் போகும், கத்தலாம். கூட ஒருத்தர் இருந்து பாத்துக்கணும். நீங்க இருப்பீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பன்னெண்டு நாள் இருப்பேன்" என்றேன்.

அவர் மாத்திரையைக் குறைக்க ஒரு அட்டவணை எழுதிக்கொடுத்தார். சான்று பற்றிக் கேட்டேன். அதற்கு முறையாகச் சோதிக்க வேண்டும், வளர்ந்தவர்களுக்கு அதைச் செய்கிறவர்கள் தனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும் என்றார். அக்கா அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இன்னொரு பயணம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தாம் நாள், முதல் மாத்திரை பாதியானதும், கொஞ்சம் தெளிவு வந்தது. காலை வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

"அக்கா, நீ எங்கூட வந்து இருக்கணும்னு நெனச்சியா?"

"இல்ல."

"பெறகு ஏன் சரின்ன?"

"நீ கேட்ட. நீ அழுற மாதிரி இருந்துச்சு. அதான்."

"உனக்கு என்ன வேணும்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கதவு சாத்துன ரூமு. துணி. யாரும் கேள்வி கேக்கக்கூடாது."

மிச்சமிருந்த ஐந்து நாளில் கொடைக்கானலில் எத்தனை ஹோட்டல், ஹாஸ்டல், விருந்தினர் விடுதி உண்டோ அத்தனையும் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் மெஷின், அல்லது துணி வத்தலக்குண்டுக்குப் போய் வருகிறது. கடைசியில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் வாரத்தில் இரண்டு நாள் விரிப்பு மடிக்க வரலாம் என்றார்கள். மாத்திரையெல்லாம் நின்று, கை நடுக்கம் போன பிறகு பார்க்கலாமாம்.

8

இப்போது நிலைமை இதுதான். மாத்திரை பாதிக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை கத்தியிருக்கிறாள். ஒரு தடவை பாக்கியம் அத்தை விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்காகத் தள்ளிப் போடுகிறார். ஹாஸ்டலில் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. மேல்முறையீட்டுக்கான நாள் தாண்டிவிட்டது. அக்காவே வர விரும்பவில்லை என்பதால் அதில் வருத்தமில்லை. ஆனால் அவள் விரும்பாத ஒன்றுக்காக அவளைச் சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைக்கழித்து இந்த மாத்திரைகளில் கொண்டுவிட்டது நான். தினமும் மத்தியானம் போன் செய்கிறேன். என்ன மாத்திரை சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று சொல்லுவாள். முன்பு மாதிரி, கேட்டதற்கு மட்டும் பதில். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கிளம்பிய அன்று காலை அக்கா மெயின் ரோடு வரைக்கும் வந்தாள். மதுரை பஸ்ஸுக்காக நின்றோம். மேகம் இறங்கி எதிர்ப்பக்கத்துக் கடை தெரியவில்லை. அவள் காதில் பஞ்சு வைத்து, சால்வையைத் தலையில் போட்டிருந்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"போகவாக்கா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"போகாதன்னு சொன்னா இருப்பியா?"

மற்ற யார் கேட்டிருந்தாலும் அது ஒரு குத்தலாக இருந்திருக்கும். அக்காவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. அவளுக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கேட்டாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, "ஏறுங்கம்மா, வெரசா" என்றார். ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது, காதிலிருந்த பஞ்சை அவள் எடுத்திருந்தாள். நான் சொல்லப்போகும் பதில் காதில் விழ வேண்டும் என்பதற்காக.